காரின் பெயின்ட் கெடாமல் ஸ்டிக்கரும் எம்ப்ளமும் எடுக்க: வாசகர் கேள்வி – பதில்

பழைய கார் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்களில் பலர், முந்தைய உரிமையாளர் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர்களையும் எழுத்துகளையும் பெயின்ட் பழுதாகாமல் அகற்றுவது எப்படி என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். எனவே இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் ஓடிய வெள்ளை நிறக் காரை வாங்கியிருக்கிறேன். இரண்டு பக்கக் கதவுகளிலும் நிறுவனத்தின் பெயர் பெரிய நீல எழுத்துகளில் ஒட்டப்பட்டிருக்கிறது. முதல் எழுத்தைச் சவர பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். எழுத்து தூள் தூளாக வந்ததோடு, கதவில் மெல்லிய கோடுகளும் விழுந்துவிட்டன. மீதி எழுத்துகளை எப்படி எடுப்பது?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: முதல் எழுத்தோடு நிறுத்திவிட்டீர்கள், அதனால் காப்பாற்ற வேண்டிய கதவு பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. பிளேடு ஏன் கூடாது என்பதற்குக் காரணம் பெயின்டின் கனத்தில் இருக்கிறது. தொழிற்சாலையில் பூசப்பட்ட காரின் தகட்டின் மேல், துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றிற்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்குகள் இருக்கின்றன. இத்தனையும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான்தான் வரும். அதாவது நாம் கடிதம் எழுதும் வெள்ளைத்தாள் ஒன்றின் கனத்தைவிடச் சற்றே கூடுதல். அதில் வெயிலைத் தாங்கி நிற்கும் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். இவ்வளவு மெல்லிய ஒன்றின் மீது இரும்பின் கூர்முனையை ஓட்டும்போது கை எவ்வளவு பழகியதாக இருந்தாலும் கோடு விழும்.

ஆறு ஆண்டு வெயிலில் நின்ற வினைல் எழுத்து தன் நெகிழ்வை இழந்து, காய்ந்த வாழைச்சருகைப் போல நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும். அதற்கு அந்த நெகிழ்வைத் திரும்பக் கொடுப்பதற்கும், அதன் பின்னால் உள்ள பசையை இளக்குவதற்கும் ஒரே வழி சூடுதான். காரை நிழலில் நிறுத்தி, கதவை ஷாம்பு கலந்த நீரால் மண் இல்லாமல் கழுவித் துடைத்துவிடுங்கள். கழுவாமல் தொடங்கினால், நாம் தேய்க்கும் துணிக்கு அடியில் சிக்கும் மணலே உப்புத்தாளாகிவிடும். பிறகு, தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரை நான்கைந்து விரற்கடை தூரத்தில் பிடித்து, ஓர் எழுத்தின் மீது மட்டும் ஒரே இடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னும் ஓரிரு நிமிடங்கள் அசைத்துச் சூடேற்றுங்கள். கையை வைத்தால் சூடு நன்றாகத் தெரிய வேண்டும். ஆனால் கையை வைத்திருக்க முடியாத அளவுக்குப் போகக் கூடாது. பட்டறையில் பயன்படுத்தும் ஹீட் கன் 500 டிகிரிக்கும் மேலே போகக்கூடியது; அது பழகாத கையில் சில நொடிகளில் பெயின்டில் கொப்புளம் எழுப்பிவிடும், பிளாஸ்டிக் பம்பரை உருக்கிவிடும். ஆகையால் வீட்டில் செய்பவர்களுக்கு ஹேர் டிரையரையே நான் எப்போதும் பரிந்துரைக்கிறேன்.

சூடேறியதும் எழுத்தின் ஒரு மூலையை விரல் நகத்தால், அல்லது மெல்லிய பனியன் துணி சுற்றிய பழைய ஏ.டி.எம். அட்டையின் விளிம்பால் மெல்லத் தூக்குங்கள். மூலை எழுந்ததும் அதை நம்மை நோக்கி நேராக வெளியே இழுக்காமல், தன் மீதே மடங்கி, கதவை ஒட்டியபடியே பின்னோக்கி வருமாறு மெதுவாக இழுக்க வேண்டும். கடிகார நொடிமுள் போல நின்று நின்று வரட்டும். எங்கே கிழியத் தொடங்குகிறதோ அங்கே இழுப்பதை விட்டுவிட்டு மறுபடியும் சூடு காட்டுங்கள். ஓர் எழுத்துக்குப் பத்து நிமிடம் ஆனாலும் அது வீண் நேரமல்ல.

இப்படி எடுத்தபின் பெரும்பாலும் பசை கதவிலேயே தங்கிவிடும். உண்மையில் பெயின்ட் கெடுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டத்தில்தான். ஸ்டிக்கர் வந்துவிட்டதே என்ற நிம்மதியில் கைக்குக் கிடைத்ததை ஊற்றித் தேய்க்கத் தொடங்கிவிடுகிறோம். பசையைத் தேய்த்து எடுக்கக் கூடாது. ஊறவைத்து எடுக்க வேண்டும். கார் உதிரிபாகக் கடைகளில் பசை நீக்கி என்று கேட்டால் கிடைக்கும் திரவம், அல்லது டபிள்யூ.டி. 40 போன்ற தெளிப்பான், அல்லது நீலகிரித் தைலம், இவற்றில் ஒன்றைத் துணியில் நனைத்துப் பசையின் மீது ஐந்து நிமிடம் படிய வைத்திருங்கள். எதுவானாலும் முதலில் கதவின் அடிவிளிம்பு போன்ற மறைவான இடத்தில் ஒரு சொட்டு வைத்து, நிறம் துணியில் இறங்குகிறதா, பெயின்ட் மிருதுவாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊறிய பசையைக் கட்டைவிரலால் உருட்டினாலே திரித்திரியாக வந்துவிடும். கடைசியில் ஷாம்பு நீரால் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் கலந்து ஒருமுறை துடைத்தால் இடம் தூய்மையாகிவிடும்.

பிளேடு போட்ட கோடுகளைப் பற்றி: விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டவில்லையென்றால் கோடு கிளியர் கோட்டின் மேற்பகுதியில்தான் இருக்கிறது; மென்மையான பாலிஷில் போய்விடும். நகம் தட்டி நின்றால், நீங்களே காம்பவுண்ட் (பாலிஷைவிடக் கடுமையாகத் தேய்க்கும் களிம்பு) போட்டுத் தேய்க்காமல், நல்ல பெயின்டரிடம் காட்டுவது நல்லது.

கேள்வி: மேற்கண்ட வேலைக்குத் தேங்காய் எண்ணெய் போதும் என்கிறார் என் தந்தை. மண்ணெண்ணெய்தான் சரி என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தேங்காய் எண்ணெய் பெயின்டுக்கு எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் அது மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். பஞ்சில் நனைத்து அரை மணி நேரமாவது ஒட்டி வைத்திருக்கப் பொறுமை இருந்தால், புதிய, மெல்லிய பசைக்கு அது போதும். ஆண்டுக்கணக்கில் வெயிலில் இறுகிய பசைக்குப் போதாது. மண்ணெண்ணெய் வேகமாக இளக்கும். தொழிற்சாலைப் பெயின்டுக்குக் குறுகிய நேரத்தில் கேடு செய்யாது. ஆனால் பிசுக்கு விடும், வாடை போகாது, ரப்பர் பீடிங்குகளில் பட்டு நின்றால் அவை உப்பிவிடும். ரேஷன் மண்ணெண்ணெய் அருகிவிட்ட இந்நாளில் அதைத் தேடி அலைவதைவிட நீலகிரித் தைலம் எளிது. பெட்ரோலைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் பக்கத்தில் பெட்ரோல் துணியோடு நிற்பது தீயோடு விளையாடுவது என்பதால் அதை எந்த நிலையிலும் வேண்டாம் என்பேன்.

கேள்வி: என் தங்கையின் திருமணத்திற்காக எங்கள் காருக்குப் பூ அலங்காரம் செய்தவர்கள், மாலைகளையும் தெர்மோகோல் எழுத்துகளையும் பானட்டிலும் முன்பக்க ஃபெண்டரிலும் டபுள் சைடு டேப்பால் ஒட்டியிருந்தார்கள். மறுநாள் அந்தப் பசையைத் தின்னரால் துடைத்தபோது பானட்டில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஃபெண்டரில் நிறமே துணியோடு வந்துவிட்டது. ஒரே காரில் ஒரே தின்னர் இரண்டு விதமாக நடந்துகொண்டது ஏன்?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: உங்கள் ஃபெண்டர் எப்போதோ ஒருமுறை மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. அது உங்களுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். நீங்கள் வாங்குவதற்கு முன்பே நடந்திருக்கலாம்.

தொழிற்சாலையில் காரின் உடல், மற்ற பாகங்கள் பொருத்தப்படுவதற்கு முன்பே பெரிய அடுப்புக்குள் ஏறத்தாழ 140 டிகிரி வெப்பத்தில் சுடப்படுகிறது. அங்கே பெயின்ட் வேதிவினையால் இறுகி, மறுபடி கரையாத ஒன்றாகிவிடுகிறது. பட்டறையில் அப்படிச் சுட முடியாது. டயரும் வயரும் பிளாஸ்டிக்கும் இருக்கும் காரை 60 டிகிரி அளவிலேயே உலர்த்துவார்கள். அங்கும் இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்டாக இருந்தால் ஓரளவு தாங்கும். செலவு குறைவு என்பதற்காக என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்திருந்தாலோ, அது வெறுமனே தின்னர் ஆவியாவதால் மட்டும் காய்வது; மீண்டும் தின்னர் பட்டால் அப்படியே கரைந்துவிடும். உங்கள் துணியில் வந்தது அதுதான்.

இதை நான் என் தொழிலின் தொடக்க நாட்களில் மிக வருத்தத்தோடு கற்றுக்கொண்டேன். நான் உதவியாளனாக இருந்த ஒரு பட்டறைக்கு வந்த காரின் பக்கவாட்டுப் பட்டை ஸ்டிக்கரை எடுக்கச் சொன்னார்கள். மார்கழி மாதக் காலை; சூடு காட்டாமல் ஒரே இழுப்பாக இழுத்தேன். ஸ்டிக்கரோடு உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்டும், அதன் அடியில் பள்ளத்தை நிரப்பப் பூசியிருந்த பட்டியும் சேர்ந்து வந்துவிட்டன. அந்தக் கதவு முன்பு டிங்கரிங் செய்யப்பட்டது என்பதை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கற்றுத்தரப்படவும் இல்லை. அந்த உரிமையாளர் வண்டியைப் பார்த்து நின்ற நிலை இன்றும் என் மனத்தில் இருக்கிறது. அன்றிலிருந்து எந்தக் காரிலும் ஸ்டிக்கரைத் தொடும் முன் பெயின்டைப் பார்க்கிறேன்.

பார்ப்பது எப்படி என்றால், பக்கத்துப் பக்கத்துப் பாகங்களின் நிறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். மறு பெயின்ட் அடித்த பாகத்தில் ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு வேறுபடும். ரப்பர் பீடிங்கின் விளிம்பிலும் கதவின் உட்புறத்திலும் பெயின்ட் தூவல் படிந்திருக்கும். ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலையில் பெயின்ட் உடைந்திருந்தால் அது ஒருமுறை கழற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். பெயின்ட் கனம் அளக்கும் கருவி சில பட்டறைகளிலும் பழைய கார் மதிப்பீட்டாளர்களிடமும் உண்டு. ஒரு பாகத்தில் 120 மைக்ரானும் பக்கத்துப் பாகத்தில் 300 மைக்ரானும் காட்டினால் சந்தேகமே வேண்டியதில்லை. பட்டி பூசிய இடத்தில் அளவு இன்னும் பல மடங்கு ஏறும்.

உங்கள் ஃபெண்டருக்கு இப்போது மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அடிக்கும்போது பழைய என்.சி. பெயின்டை முழுவதும் நீக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். அதன் மேலேயே புதியதை அடித்தால் சில மாதங்களில் சுருங்கி எழும். அடித்தபின் இரண்டு மூன்று மாதங்களுக்கு அதன் மீது எந்த ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டாம். உள்ளிருக்கும் கரைப்பான் முழுவதும் வெளியேற அவ்வளவு காலம் தேவைப்படும். இன்னொரு திருமணம் வீட்டில் வரும்போது, டேப்புக்குப் பதிலாக ரிப்பனையும் நூலையும் கொண்டு கதவு இடுக்கு, கண்ணாடிக் கைகள், கிரில் ஆகியவற்றில் கட்டச் சொல்லுங்கள். அலங்காரம் செய்பவர்களுக்குச் சற்றுக் கூடுதல் வேலைதான். ஆனால் கேட்டால் செய்து தருவார்கள்.

கேள்வி: என் காரின் டிக்கியில் உள்ள மாடல் பெயர், வேரியன்ட் எழுத்துகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறுமையாக வைத்துக்கொள்ள விரும்புகிறேன். எடுத்தால் ஓட்டை தெரியுமா? எடுப்பதற்கு ஸ்க்ரூடிரைவரால் நெம்பலாமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நெம்பவே கூடாது. ஸ்க்ரூடிரைவரின் முனை ஊன்றும் இடத்தில் தகடு பள்ளமாகும், பெயின்ட் உடையும். உடைந்த இடத்திலிருந்து துரு தொடங்கும்.

ஓட்டை தெரியுமா என்பது உங்கள் கார் எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. உதிரிபாகக் கடைக்காரர்கள் மோனோகிராம் என்று சொல்லும் இந்த எம்ப்ளங்கள் இரண்டு வகையாகப் பொருத்தப்படுகின்றன. தனித்தனி எழுத்துகளும் வேரியன்ட் குறிகளும் பெரும்பாலும் நுரை போன்ற இரட்டைப் பக்கப் பசைப்பட்டையால் மட்டும் ஒட்டப்பட்டிருக்கும். நிறுவனத்தின் பெரிய சின்னம் பல கார்களில், நேராக நிற்பதற்காகத் தகட்டிலுள்ள சிறு துளைகளுக்குள் செல்லும் பிளாஸ்டிக் முளைகளோடு இருக்கும். எடுத்தபின் துளையைப் பார்த்து வருந்துவதைவிட, எடுக்கும் முன்பே டிக்கியின் உள்பக்க உறையைக் கழற்றி, சின்னத்திற்கு நேர் பின்னே முளை எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். அல்லது உதிரிபாகக் கடையில் அதே எம்ப்ளத்தை வாங்கிப் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். முளை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். முளை இருக்கும் சின்னத்தை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. துளையை அடைக்கத் தகட்டு வேலையும் பெயின்டும் தேவைப்படும். அடைக்காமல் விட்டால் மழைநீர் டிக்கிக்குள் இறங்கும்.

பசையால் மட்டும் ஒட்டிய எழுத்துகளுக்கு வேண்டிய கருவி, மீன் பிடிக்கும் தூண்டிலின் நைலான் நரம்பு. எம்ப்ளத்தைச் சுற்றிலும் பெயின்டின் மீது பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டிப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். ஹேர் டிரையரால் எம்ப்ளத்தை மூன்று நான்கு நிமிடங்கள் சூடேற்றுங்கள். நரம்பின் இரு முனைகளையும் இரு கைகளிலும் சுற்றிக்கொண்டு, எம்ப்ளத்தின் மேல் விளிம்புக்குப் பின்னால் நுழைத்து, மரம் அறுப்பதைப் போல இடமும் வலமுமாக இழுத்துக்கொண்டே கீழே கொண்டுவாருங்கள். நரம்பு பெயின்டில் அழுந்தாமல் நுரைக்குள்ளேயே ஓட வேண்டும். அதற்காகக் கைகளைச் சற்றே நம்மை நோக்கி வைத்திருக்க வேண்டும். மெல்லிய நூல் பாதியில் அறுந்துவிடும் என்பதால் ஓரளவு தடிமனான நரம்பாக வாங்குங்கள். கையுறை அணியாவிட்டால் நரம்பு விரலை அறுக்கும்.

எம்ப்ளம் விழுந்தபின் நுரையின் ஒரு பாதி பெயின்டிலேயே நிற்கும். அதைக் கட்டைவிரலின் சதைப்பகுதியால் ஒரு மூலையிலிருந்து உருட்டிக்கொண்டே வந்தால் பெரும்பகுதி பந்து பந்தாக வந்துவிடும். மீதிக்குப் பசை நீக்கி. எழுத்துகளின் இடுக்கில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அழுக்கு, எழுத்தின் வடிவிலேயே ஒரு விளிம்புக்கோடாகத் தெரியும். அது பெயின்டில் விழுந்த கோடு என்று பயப்பட வேண்டாம். கழுவிவிட்டு லேசான பாலிஷ் போட்டால் மறையும். பின்னாளில் மறுபடி ஒட்ட நினைக்கக்கூடும் என்றால், எடுக்கும் முன்பே ஒரு தாளை வைத்து எம்ப்ளத்தின் இடத்தையும், டிக்கி விளிம்பிலிருந்து அதன் தூரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தை எடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் சிலர், குறைந்த வேரியன்டின் குறியை எடுத்துவிட்டு உயர்ந்த வேரியன்டின் குறியை ஒட்டி விற்பதைப் பார்க்கிறேன். வாங்குபவரை ஏமாற்றும் அந்தக் காரியத்திற்கு இந்தப் பதில் பயன்படக் கூடாது. பழைய கார் வாங்குபவர்கள் டிக்கி எழுத்தை நம்பாமல் பதிவுச் சான்றிதழைப் படிக்க வேண்டும்.

கேள்வி: என் மகனின் காரின் பின்கண்ணாடியில் வேலும் மயிலும் போட்ட முருகன் ஸ்டிக்கர் வெளுத்துக் கிழிந்து பார்க்கவே மனம் வலிக்கிறது. சுவாமி உருவத்தைச் சுரண்டி எடுக்க எனக்கு மனம் இல்லை. முழுதாக எடுக்க வழியுண்டா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு, அம்மா. உங்கள் மனம் சொல்வதும் கண்ணாடிக்கு நல்லதும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன. முதலில் அந்த ஸ்டிக்கர் கண்ணாடியின் வெளிப்புறத்தில் இருக்கிறதா, உட்புறத்தில் இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிப்புறத்தில் இருந்தால், ஒரு பருத்தித் துணியை வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்து ஸ்டிக்கரின் மீது கால் மணி நேரம் போர்த்தி வையுங்கள். துணி ஆற ஆற மறுபடி நனைத்துப் போடுங்கள். கொதிநீர் வேண்டாம், குளிர்ந்த கண்ணாடியில், அதுவும் எங்காவது கல்பட்ட புள்ளி இருந்தால், கொதிநீர் பட்டவுடன் கண்ணாடி உடைந்துவிடக்கூடும். பிறகு ஹேர் டிரையரால் சூடு காட்டி மூலையிலிருந்து மெல்ல உரித்தால், ஏற்கெனவே கிழிந்த இடங்கள் போக மீதி முழுத் தாளாகவே வரும். அதன்பின் அதை, உங்கள் வீட்டில் பழைய சுவாமி படங்களை எவ்வாறு செய்வது வழக்கமோ அவ்வாறே செய்துகொள்ளுங்கள்.

உட்புறத்தில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பின்கண்ணாடியின் உட்பக்கத்தில் குறுக்காக ஓடும் மெல்லிய செம்பழுப்புக் கோடுகள், பனி படியாமல் கண்ணாடியைச் சூடாக்கும் மின்கம்பிகள். அவை கண்ணாடியின் மேல் அச்சிடப்பட்டவை. ஓரிடத்தில் அறுந்தாலும் அந்தக் கோடு முழுவதும் வேலை செய்யாது. சில கார்களில் ரேடியோவின் ஆன்டெனாவும் அதே கோடுகளில்தான் இருக்கிறது. அங்கே பிளேடு, இரும்பு நார், எதுவும் படக் கூடாது. கோடுகள் ஓடும் திசையிலேயே விரலால் துடைக்க வேண்டும், குறுக்கே துடைக்கக் கூடாது. உட்புறத்தில் ஒட்டிய சன் ஃபிலிமை உரிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கோடு இல்லாத வெளிக்கண்ணாடியில் எஞ்சிய பசையை மட்டும், நன்றாகச் சோப்பு நீர் விட்டு, புதிய பிளேடைச் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில் தள்ளி எடுக்கலாம். காரில் பிளேடுக்கு இடமுள்ள ஒரே பகுதி அதுதான். ஹெட்லைட்டைக் கண்ணாடி என்று நினைத்து அங்கேயும் பிளேடோ தின்னரோ போட வேண்டாம். இன்றைய கார்களின் ஹெட்லைட் மூடி பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பட்டால் பால் போல வெளுத்துப் போகும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கார் ஒன்றை வைத்திருக்கிறேன். கண்ணாடிகளிலும் கதவுத் தூணிலும் ஜப்பானிய எழுத்தில் பல ஸ்டிக்கர்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பின்பக்கக் கண்ணாடியில் பச்சையும் நீலமுமாக இருப்பவை பெரும்பாலும் எரிபொருள் சிக்கனம், குறைந்த புகை ஆகியவற்றைக் குறிக்கும் ஜப்பானிய அடையாளங்கள், அவற்றை மேலே சொன்ன முறையில் எடுத்துவிடலாம். கதவுத் தூணில் இருப்பதை எடுக்காதீர்கள். அது டயரின் காற்றழுத்த அளவைச் சொல்வது. எழுத்து புரியாவிட்டாலும் எண் புரியும்: அங்கே 240 கிலோபாஸ்கல் என்றிருந்தால் அது ஏறத்தாழ 35 பி.எஸ்.ஐ. பானட்டின் அடியில் ஏ.சி. வாயுவின் வகையையும் அளவையும் சொல்லும் ஸ்டிக்கரும், ஃபியூஸ் பெட்டியின் மூடியில் உள்ள வரைபடமும் அப்படியே இருக்கட்டும். பழுது பார்ப்பவருக்கு அவை தேவைப்படும்.

கேள்வி: சென்னையில் தனியார் வாகனங்களில் உள்ள துறைப் பெயர் ஸ்டிக்கர்களுக்கு அபராதம் போடுகிறார்கள் என்பதால் முன்கண்ணாடியில் இருப்பவை எல்லாவற்றையும் உரித்துவிட நினைக்கிறேன். சரிதானா?
— ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: எல்லாவற்றையும் உரிக்காதீர்கள். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே 2 முதல் எடுக்கத் தொடங்கிய நடவடிக்கை, தனியார் வாகனங்களில் அரசுத்துறை, காவல்துறை, பத்திரிகை போன்ற பெயர்களை ஒட்டிக்கொள்வதைப் பற்றியது. முன்கண்ணாடியில் இருக்கும் இரண்டு ஸ்டிக்கர்கள் அவற்றில் சேராதவை. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வாகனங்களுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகையோடு மூன்றாவது பதிவுக் குறியாக ஒரு ஸ்டிக்கர் தரப்படுகிறது. பெட்ரோலுக்கு வெளிர் நீலம், டீசலுக்கு ஆரஞ்சு என எரிபொருளுக்கேற்ப அதன் நிறம் இருக்கும். உரித்தால் தானே சிதைந்துவிடும்படி அது செய்யப்பட்டிருக்கிறது. மற்றொன்று ஃபாஸ்டேக். அதனுள்ளே மெல்லிய ஆன்டெனாவும் சில்லும் இருக்கின்றன. உரித்து மறுபடி ஒட்டினால் சுங்கச்சாவடியில் அது படிக்கப்படாமல் போகலாம். பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக் என்றால், முதலில் அவர் அதைத் தம் வங்கியில் முடித்துக்கொள்ள வேண்டும், அதன்பிறகு உரிக்கலாம்.

கேள்வி: பத்தாண்டுப் பழைய சிவப்புக் காரின் பானட்டிலிருந்து பட்டை ஸ்டிக்கரை நீங்கள் சொல்வது போலவே சூடு காட்டிப் பழுதில்லாமல் எடுத்துவிட்டேன். ஆனால் ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் அடர் சிவப்பாகவும், சுற்றிலும் வெளிறியும் தெரிகிறது. என்ன தவறு செய்தேன்?
— ஒரு வாசகர், வேலூர்

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. பட்டையின் அடியில் தெரிவதுதான் உங்கள் காரின் உண்மையான நிறம். மற்ற இடமெல்லாம் வேலூர் வெயில் பத்தாண்டுகள் குடித்ததன் மிச்சம். சிவப்பு நிறமிகள் பலவும் புற ஊதாக் கதிரில் மற்ற நிறங்களைவிட விரைவாக வெளிறுவதால், வெள்ளை, வெள்ளிக் கார்களில் கண்ணுக்கே படாத இந்த நிழல் சிவப்புக் காரில் தூரத்திலிருந்தே தெரிகிறது.

இதற்கு ஸ்டிக்கர் இருந்த இடத்தைத் தேய்ப்பதால் பயனில்லை. பலரும் அதைத்தான் செய்கிறார்கள். தேய்க்க வேண்டியது சுற்றியுள்ள வெளிறிய பகுதியை. ஈரப் பனியன் துணியில் வெள்ளை பாலிஷ் சிறிது எடுத்து வெளிறிய ஓர் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். துணி சிவப்பானால் உங்கள் காரில் கிளியர் கோட் இல்லை, நிறமே மேலடுக்கு என்று பொருள். அப்படியென்றால் மேலே வெளிறிப் படர்ந்த மெல்லிய அடுக்கை நீக்கியவுடன் அடியில் உள்ள நல்ல சிவப்பு வெளிப்படும். பெரும்பாலும் பானட் முழுவதும் ஒரே நிறத்துக்கு நெருங்கிவிடும். துணி வெள்ளையாகவே இருந்தால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. அதன் மேற்பகுதி மங்கியதுதான் காரணமென்றால் பாலிஷ் கைகொடுக்கும். அதற்கு அடியில் உள்ள நிறமே வெளிறியிருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் நிறம் திரும்பாது. கிளியர் கோட்தான் தேயும். அங்கங்கே வெள்ளைச் செதில் போல எழுந்திருக்கும் கிளியர் கோட்டைப் பாலிஷ் செய்யவே கூடாது, செதில் பரவும்.

இயந்திரம் வேண்டாம், கையால் செய்யுங்கள். பானட்டின் மடிப்பு விளிம்புகளில் பெயின்ட் எப்போதும் மெல்லியதாக இருக்கும் என்பதால் அவற்றில் காகித டேப்பை ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். முதலில் மிக மென்மையான பாலிஷ், அது போதாதபோது மட்டும் காம்பவுண்ட். இரண்டு முறை செய்தும் வேறுபாடு பாதிக்கு மேல் குறையவில்லையென்றால் அத்துடன் நிறுத்திவிட்டு, நல்ல வேக்ஸ் பூசி, காரை நிழலில் நிறுத்தத் தொடங்குங்கள். பானட்டுக்கு மட்டும் மறு பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்பீர்கள். புதிய சிவப்பைப் பத்தாண்டுப் பழைய ஃபெண்டர்களின் சிவப்போடு பொருத்துவது தேர்ந்த பெயின்டருக்கும் கடினம். பட்டை இருந்த இடத்தில் அதே அளவில் புதிய பட்டையை ஒட்டிவிடுவது அதைவிட எவ்வளவோ மேல். அடியில் உள்ள பெயின்ட் உறுதியாக இருக்கிறது என்பது, பழுதில்லாமல் எடுத்தீர்களே, அதிலேயே தெரிந்துவிட்டது.